இரண்டரை கிலோ தசை

உடற்கல்வித் துறையின் அளவீட்டு அறையில் ஒட்டடைக்குச்சி, தசை அளக்கும் மெஷின்மேல் வெறுங்காலோடு ஏறி நின்றான். கைப்பிடிகள் இரண்டையும் பற்றிக்கொண்டு, தீர்ப்புக்குக் காத்திருக்கிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான். அந்தப் பெயரை வைத்தது வகுப்புப் பையன்கள். முதல் நாளே வைத்துவிட்டார்கள். பிறகு வாத்தியார்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்தார்கள், வெட்கம் கெட்டவர்கள்.

திரையில் எண் விழுந்தது. போன மாதத்தைவிட இரண்டரை கிலோ தசை கூடுதல்.

"நெஜமாவா மேடம்?"

"மெஷின் பொய் சொல்லுமா?" என்றாள் ஆராய்ச்சி மாணவி.

எடைப் பயிற்சி கொடுத்தால் கல்லூரிப் பிள்ளைகள் உடம்பில் கொழுப்பு எவ்வளவு குறைகிறது, தசை எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. கேட்க நன்றாகத்தான் இருக்கும், செய்து பார்த்தால்தான் தெரியும் லட்சணம். பாதிப் பேர் இரண்டாம் வாரமே கம்பி நீட்டினார்கள். மிஞ்சியவர்களில் பலர் பயிற்சி முடிந்த கையோடு கேன்டீனுக்கு ஓடி, இறக்கிய எடையை வட்டியும் முதலுமாக ஏற்றிக்கொண்டார்கள். இன்னும் ஒருத்தன் கழன்றுகொண்டாலும் ஆய்வு செல்லாது என்று பேராசிரியர் கறாராகச் சொல்லியிருந்தார். மூன்று வருட உழைப்பு அது.

ஒட்டடைக்குச்சி மட்டும் ஒரு நாள் தவறவில்லை. உடம்பு வலிக்குத் தினமும் மாத்திரை போட்டுக்கொண்டு வந்தான். அதைப் பெருமையாக அவளிடம் சொல்லவும் செய்தான். கெட்டிக்காரன் என்று அவளும் தட்டிக்கொடுத்தாள்.

அவன் இறங்கியபோதுதான் அவன் காலை அவள் கவனித்தாள். கழற்றிய காலுறையின் தடம் கயிறு கட்டிய மாதிரி அழுந்தியிருந்தது. குனிந்து முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது.

அவள் திரும்பித் திரையிலிருந்த எண்ணைப் பார்த்தாள். அந்த மெஷின் உடம்பில் லேசாக மின்சாரத்தை விட்டு, ஈரம் இருக்கிற இடத்தையெல்லாம் தசையாகக் கணக்குப் போட்டுவிடும். நீர் கோத்த உடம்பும் அதற்குப் பயில்வான் உடம்புதான். இதை வகுப்பில் சொல்லிக்கொடுப்பவளே அவள்தான்.

"கால் எப்பலேருந்து இப்படி இருக்கு?"

"நல்லா இருக்குல்ல மேடம்? எங்கம்மாகூட, இப்பதான்டா மூஞ்சில சதை போட்டு மனுஷனா இருக்கேன்னாங்க."

மருத்துவமனைக்கு அனுப்பினால் பயிற்சியை நிறுத்தச் சொல்வார்கள். கடைசி அளவீட்டுக்கு இரண்டு வாரம்தான் பாக்கி.

"உப்பைக் கொறச்சுக்கோ. தூங்கும்போது காலத் தலகாணி மேல வச்சுக்கோ."

"அப்போ டிரெய்னிங்?"

"வா."

யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது என்று பிறகு தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பொய். யோசித்துத்தான் சொன்னாள்.

அடுத்த வாரம் இன்னும் ஒரு கிலோ ஏறியது. பையன்கள் விசிலடித்தார்கள். "இனிமே இவன் ஒட்டடைக்குச்சி இல்லடா, உலக்கை!" என்றான் ஒருவன். ஒட்டடைக்குச்சி வீங்கிய முகத்தோடு காதுவரை சிரித்தான். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு பெருமை அவனுக்குக் கிடைத்ததில்லை. அவள் எண்ணைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், காலை மட்டும் பார்க்கவில்லை.

கடைசி அளவீட்டுக்கு முந்தின நாள் தோளில் எடையோடு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

மருத்துவமனையில் அவன் அம்மா ஈரக் கையோடு வந்து நின்றாள். கல்லூரி விடுதிச் சலவைக்கூடத்தில் கூலிக்குத் துணி அலசிக்கொண்டிருந்தவளை யாரோ போய் அழைத்து வந்திருந்தார்கள். ஆராய்ச்சி மாணவியைக் கண்டதும் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பிடியில் மாணவிக்கு உயிரே போனது.

டாக்டர் வெளியே வந்தார். "ரெண்டு கிட்னியும் அனேகமா நின்னுபோச்சு. தெனமும் வலி மாத்திரை போட்டிருக்கான். வீக்கம் எப்ப ஆரம்பிச்சுது?"

"வீக்கமா? அது சதைங்க டாக்டர்," என்றாள் அம்மா. "இந்த மேடம்தான் வாராவாரம் மெஷின்ல ஏத்திப் பாக்கறாங்க. ஏதாவது இருந்தா இவங்க விட்டிருப்பாங்களா?"

டாக்டர் ஆராய்ச்சி மாணவியைப் பார்த்தார். இல்லை, கவனிக்கவில்லை என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை.

"ரெண்டு வாரமா இருக்கு டாக்டர்," என்றாள். "அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்துச்சு. மாத்திரை போடறதும் தெரியும்."

"அன்னைக்கே அனுப்பியிருந்தா மாத்திரையை நிறுத்தியே கிட்னியைக் காப்பாத்தியிருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

 அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது கையை மெல்ல உருவிக்கொண்டாள்.

"நான் பக்கத்துக் கட்டடத்துலதானேம்மா இருந்தேன்," என்றாள். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே."