பதினைந்து நாள் தாங்கும் தொட்டி

"தினமும் தண்ணி கேக்காத தொட்டியா காட்டுங்க," என்றார் அத்தான்.

தொட்டிக் கடையில் அவர் பின்னால் நின்ற சின்னவள் சட்டென்று முன்னே வந்தாள்.

பக்கவாதம் வந்து, பேச்சும் வலது பக்கமும் போய், அவள் அக்கா படுக்கையில் விழுந்து ஐந்து மாதம். நர்ஸ், சொந்தபந்தம் என்று ஒவ்வொருவரையாகக் கழற்றிவிட்ட அத்தான், மச்சினியை மட்டும் விட்டுவைத்திருந்தார். அக்கா அறையின் ஜன்னலோரம் நான்கு செடிகள். அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றக் காலையில் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அக்காவின் கன்னம் ஒட்டிப்போனதையும், போன வாரம் இடது மணிக்கட்டில் கன்றியிருந்த கயிற்றுத் தடத்தையும் அவள் பார்த்தாள்.

அந்தப் பத்து நிமிஷம் பறிபோய்விடக் கூடாதே என்று ஒரு வேலை செய்தாள். செடிகளைச் சின்ன மண் தொட்டிகளுக்கு மாற்றி, மண்ணில் பாதிக்குப் பாதி மணலைக் கலந்தாள். "ஒரு நாள் ஊத்தலைன்னாலும் போயிடும் அத்தான்," என்று சொல்லியும் வைத்தாள். புத்திசாலித்தனம் கொஞ்சம் ஓவராகிவிட்டது. காலையில் ஊற்றினால் சாயங்காலமே இலைகள் தலையைத் தொங்கப்போட்டன. எதையும் கவனிக்காத மனுஷன் அதைக் கவனித்துவிட்டார். "வா, நீயும் வந்து பாரு," என்று அவளையும் கடைக்கு இழுத்து வந்துவிட்டார்.

சின்னவள் முந்திக்கொண்டு ஒரு மண் தொட்டியை எடுத்தாள். "இதுவே இருக்கட்டும் அத்தான். வேருக்குக் காத்து போகும்."

"காத்து போகும்தான்," என்றாள் கடைக்காரம்மா. நகக்கண்ணெல்லாம் மண். "தண்ணியும் அது வழியாவே போயிடும். சீக்கிரம் காயற மண்ணுக்கு இது ஆகாதுங்க. பளபளன்னு பூச்சுப் போட்ட பீங்கான் வாங்குங்க, இல்லைன்னா பிளாஸ்டிக். இன்னும் வசதியா வேணும்னா, இதோ. அடியில தண்ணி நிக்கும், திரி உறிஞ்சி மேல குடுக்கும். பதினஞ்சு நாள் வீட்டைப் பூட்டிட்டுப் போகலாம்."

"பூட்டியே வெச்சிருக்கலாமா?" அத்தான் சிரித்தார்.

"திரி அழுகிடும்," என்றாள் சின்னவள்.

"ஏம்மா, என் கடையிலயே நின்னு என் பொழப்புல மண்ணைப் போடறியே."

சொல்லிவிட்டுத்தான் கடைக்காரம்மா சின்னவளின் கையைப் பார்த்தாள். மண் தொட்டியைக் கீழே வைக்காமல் இறுக்கிப் பிடித்திருந்தது. அத்தானை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்:

"ஒரு விஷயம் சார். வேர் எறங்கித் தண்ணியைப் பிடிக்கிற வரைக்கும் மேலேருந்துதான் ஊத்தணும். ஒரு மூணு வாரம். தினமும் பாக்கணும்."

சின்னவள் மனசுக்குள் கணக்குப் போட்டாள். மூன்று வாரம். அதற்குள் எதையாவது செய்துவிடலாம்.

"அதுக்கென்ன, மச்சினி இருக்காளே," என்றார் அத்தான். "நாலு தொட்டியையும் வாசல்ல வெச்சுடறேன். உள்ள வந்து சிரமப்பட வேண்டாம் பாரு."

மறுநாள் மூன்றாவது மாடியில், அத்தான் வீட்டு வராந்தாவில், சாத்திய கதவை ஒட்டி நான்கு புதுத் தொட்டிகள் வரிசையாக நின்றன. ஊற்றினாள். உள்ளே அக்கா இருமியது கேட்டது. அடுத்த நாள் ஒரு கரண்டி விழுந்த சத்தம். மூன்றாம் நாள் டிவி மட்டும் அலறியது.

நான்காம் நாளும் டிவிதான்.

"அத்தான், அக்காவை ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறேன்."

"தூங்கறா," கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது குரல். "ஊத்திட்டியா?"

"ஊத்திட்டேன்."

"அப்ப கிளம்பு."

சின்னவள் குவளையைக் கீழே வைத்தாள். இத்தனை நாள் கட்டிக்காத்த நாடகத்தை உடைத்தால் இனி இந்த வாசலை மிதிக்கவே முடியாது. தெரிந்தேதான் இரண்டு கையாலும் கதவைத் தட்டினாள். "நான் செடிக்காக வரலை. கதவைத் திறங்க."

எதிர்வீட்டுக்காரர் முகத்தில் பாதி சவர நுரையோடு எட்டிப் பார்த்தார். "என்னம்மா, காலங்காத்தால?"

"உள்ள எங்கக்கா இருக்கா சார். உயிரோட இருக்காளான்னு எனக்குத் தெரியணும். போலீசுக்குப் போன் பண்ணுங்க."

அவர் அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். தோள் துண்டால் நுரையைத் துடைத்துக்கொண்டே போனை எடுத்தார். சத்தம் கேட்டு மாடிப்படியில் யார் யாரோ ஏறி வரும் காலடிகள். அவள் தட்டுவதை நிறுத்தவில்லை.

உள்ளே டிவியின் சத்தம் இன்னும் கூடியது.