ஓடாத நாளில் வந்தவர்

மரியசூசையின் அறையில் இருந்த ஏசி, மருமகள் சோபியா வீட்டில் இருக்கும் நாளில் மட்டும் ஒழுங்காக ஓடியது.

மரியசூசை முப்பது வருடம் திருச்சி ரூட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி இறந்தபின் கீரனூரில் மருமகளோடு இருந்தார். போன டிசம்பரில் அவருக்கு இதயத்தில் ஆபரேஷன் நடந்தது. வெயில் காலத்தில் மதியம் அவர் குளிர்ந்த அறையில் படுத்து எழ வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மகன் ஆண்ட்ரூஸ் ஜனவரியிலேயே ஏசி வாங்கி மாட்டச் சொல்லிவிட்டான். பிப்ரவரி, மார்ச் முழுக்க ஒரு குறையும் இல்லை.

ஈஸ்டர் கழிந்த வாரத்தில்தான் அவர் முதல் தடவையாகச் சொன்னார்.

"மத்தியானம் ரெண்டு ரெண்டரைக்கு மேல வெறும் காத்துதான் வருது தாயி. அஞ்சு மணிக்கு மேல தன்னால சரியாயிருது."

சோபியா திருச்சியில் ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். காலை ஏழு இருபது பஸ்ஸில் போனால் திரும்பி வர மாலை ஆறரை ஆகும். அவள் வரும்போது அறை ஜில்லென்று இருந்தது. விடுமுறை நாளான ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து மதியம் முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்து பார்த்தாள். ஏசி ஒரு நிமிடம்கூட மக்கர் பண்ணவில்லை. மாமனார் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கினார்.

இருந்தாலும் அடுத்த ஞாயிறு ஒரு மெக்கானிக்கை வரவழைத்தாள். வந்தவர் ஏசியைப் போட்டு, வரும் காற்றில் கையை நீட்டிப் பார்த்தார்.

"காஸ் கொறைஞ்சிருக்கும்மா."

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?"

"கொறைஞ்சிருக்கும்மா" என்று அதையே திரும்பச் சொல்லிவிட்டு, காஸை ஏற்றிவிட்டுப் போனார். திங்கட்கிழமை மதியம் மறுபடி வெறும் காற்று.

அதற்கடுத்த ஞாயிறு வேறொருவர் வந்தார். வெளிச்சுவரில் மாட்டியிருந்த அவுட்டோர் யூனிட்டை நாலு தட்டுத் தட்டிவிட்டு, கம்ப்ரசர் போய்விட்டது, புது ஏசி வாங்குவதே நல்லது என்றார்.

"இப்ப நல்லாக் குளிருதே?" என்று கேட்டாள் சோபியா.

"இப்ப குளிரும் மேடம். போகப் போகத் தெரியும்."

அன்று இரவு ஆண்ட்ரூஸ் போனில் அலுத்துக்கொண்டான்.

"ஆபரேஷனுக்கு அப்புறம் அப்பாவுக்கு எல்லாத்துலயும் சந்தேகம். நெஜமாவே ரிப்பேருன்னா ஞாயித்துக்கிழமை மட்டும் எப்படி ஓடும்? சொல்லு."

அவன் கேலியாகத்தான் கேட்டான். ஆனால் அந்தக் கேள்வி சோபியாவின் மனதில் ஒட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எப்படி ஓடும்? அதே ஏசி, அதே அறை, அதே வெயில். கிழமை மட்டும்தான் வேறு. இயந்திரத்துக்குக் கிழமை தெரியுமா என்ன?

ஏசிக்குத் தெரியாது, மாமனாருக்குத் தெரியும். அப்படியும் ஒரு யோசனை ஓடியது. ரிமோட்டில் எதையாவது மாற்றி அழுத்துகிறாரோ, பகல் முழுக்கத் தனியாக இருப்பது பிடிக்காமல் ஒரு காரணம் தேடுகிறாரோ என்று நினைத்தாள். மறுநாள் காலை, டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே சாதாரணமாகக் கேட்பதுபோல் கேட்டாள்.

"மாமா, ரிமோட்டுல ஃபேன் மோடு எதையும் அமுக்கிட்டீங்களா?"

மரியசூசை அவளைப் பார்த்தார்.

"பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப் போகுது தாயி?" என்றார். அதற்குப் பிறகு ஏசியைப் பற்றி அவர் பேசவே இல்லை.

அந்த வாரம் வியாழக்கிழமை தலைவலி என்று சோபியா மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமனார் அறையில் இல்லை. ஹாலில் ஃபேனுக்கு அடியில் வெறும் தரையில், நெஞ்சின் மேல் ஈரத் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். ஆபரேஷன் தழும்பு துண்டின் ஓரத்தில் தெரிந்தது. அவள் அவருடைய அறைக்குள் போய்ப் பார்த்தாள். ஏசியில் விளக்கு எரிந்தது, காற்று வந்தது. குளிர்ச்சி துளியும் இல்லை. அறை புழுங்கியது.

அவளுக்குத் தலைவலி மறந்துபோனது.

மறுநாள் பஸ்ஸில், தினமும் அதே பஸ்ஸில் திருச்சிக்கு வரும் அய்யப்பன் என்ற பள்ளிக்கூட எழுத்தரிடம் நல்ல ஏசி ஆள் யாராவது தெரியுமா என்று விசாரித்தாள்.

"அடைக்கலம்னு ஒருத்தர் இருக்காருங்க. பொன்னமராவதிப் பக்கம். கேள்வி நெறயாக் கேப்பாரு. அதைப் பொறுத்துக்கிட்டாச் சரி" என்று நம்பர் கொடுத்தார் அவர்.

மதிய இடைவேளையில் சோபியா அந்த நம்பருக்குப் பேசினாள். அய்யப்பன் சொன்னது பொய்யில்லை. எந்த மாதம் மாட்டினீர்கள், எந்தத் தேதியில் இருந்து தகராறு, நிற்கும்போது காற்றும் நிற்கிறதா, காற்று வந்து குளிர் மட்டும் நிற்கிறதா, வீட்டில் அப்போது மோட்டார் ஓடுகிறதா என்று அடைக்கலம் வரிசையாகக் கேட்டார். பாதிக்கு அவளுக்குப் பதில் தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வாங்கண்ணே. நான் வீட்டுல இருப்பேன்" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை வந்து என்னங்க பண்றது? அன்னைக்குத்தான் நல்லா ஓடுதுங்கிறீங்களே. ஓடாத நாள்ல வாரேன்."

அது சோபியாவுக்கு உறைத்தது. சாப்பிட்டுவிட்டு வந்தவரிடம் ரத்தம் எடுத்து அதில் வெறும் வயிற்றுச் சர்க்கரை பார்க்க முடியாது என்று தினமும் பத்துப் பேருக்காவது சொல்கிறவள் அவள். தன் வீட்டு ஏசிக்கு மட்டும் இத்தனை நாளாகத் தப்பான நேரத்தில் சோதனை செய்துகொண்டிருந்திருக்கிறாள்.

"அதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க" என்றார் அடைக்கலம். "எத்தனை மணிக்குக் குளிர் நிக்குது, எத்தனை மணிக்கு வருதுன்னு ஒரு அஞ்சாறு நாளைக்கி எழுதி வைக்கச் சொல்லுங்க. வீட்டுல யாரு இருக்கா?"

"எங்க மாமா இருக்காரு."

"அவருக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்கும். அவர்கிட்டக் கேளுங்க."

மாலை வீட்டுக்கு வந்து அதை அப்படியே மாமனாரிடம் சொன்னாள். அவர் உடனே எழுந்து போய்ப் பழைய டைரி ஒன்றையும் பேனாவையும் எடுத்து வந்தார். பஸ் டிரைவர் டிரிப் ஷீட் எழுதுவதுபோல் நேரத்தோடு பதிவு செய்யத் தொடங்கினார்.

புதன்கிழமை இரவு இருவரும் அந்தப் பக்கங்களை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். சனி, திங்கள், செவ்வாய், புதன் நான்கு நாளும் இரண்டேகாலில் இருந்து இரண்டரைக்குள் குளிர் நின்றிருந்தது. நடுவில் பத்து நிமிடம் வந்து மறுபடி நின்றிருந்தது. ஐந்து மணிக்கு மேல் தொந்தரவு இல்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக, "தடங்கல் இல்லை" என்று எழுதியிருந்தார்.

"என்னமோ ஒண்ணு ரெண்டு மணிக்கு டூட்டிக்கு வந்து அஞ்சு மணிக்கு எறங்குது தாயி. ஞாயித்துக்கிழமை அதுக்கு லீவு" என்றார் மரியசூசை. ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் குரலில் உற்சாகம் தெரிந்தது.

மறுநாள் சோபியா லீவு போட்டாள். ஒன்றரை மணிக்கு வருவதாகச் சொன்ன அடைக்கலம் இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். பையில் இருந்து ஸ்குரூடிரைவரை எடுக்கவே இல்லை. டைரியை வாங்கி வரி வரியாகப் படித்தார். பிறகு, வயர் முனையில் கம்பி நீட்டியிருந்த சிறிய தெர்மாமீட்டர் ஒன்றை ஏசியின் வாயில் சொருகிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பன்னெண்டு டிகிரி. நல்லா வேலை செய்யுதுங்க" என்றார்.

"அப்ப கம்ப்ரசர் போகலையா?"

"போயிருந்தா இந்தக் குளிர் வருமா?"

"அப்புறம் ஏன் நிக்குது?"

"தெரியலைங்க. நிக்கட்டும், பாப்போம்."

இதற்கு முன் வந்த இருவரும் சொல்லாத வார்த்தை அது. மூன்று பேரும் தெர்மாமீட்டரைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். இரண்டு பத்துக்குப் பதினான்கு காட்டியது. பிறகு பதினேழு. இரண்டு இருபத்திரண்டுக்கு வெளியே அவுட்டோரில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த கனத்த இரைச்சல் அடங்கியது. எண் மளமளவென்று ஏறியது.

"நின்னுருச்சு" என்றார் மரியசூசை, தானே நிறுத்தினவர் மாதிரி திருப்தியாக.

அடைக்கலம் தெர்மாமீட்டரை உருவிக்கொண்டு வெளியே போனார். சோபியாவும் பின்னால் போனாள். வீட்டுக்கும் பக்கத்துக் கட்டடத்துக்கும் நடுவே மூன்றடி சந்து. சோபியா வீட்டு அவுட்டோர் யூனிட் அந்தச் சந்துச் சுவரில், தலைக்கு மேல் மாட்டியிருந்தது. சந்துக்குள் நுழைந்ததுமே அடுப்பு வாயில் முகத்தைக் காட்டியதுபோல் இருந்தது. அடைக்கலம் கையை உயர்த்தித் தெர்மாமீட்டரைப் பிடித்தார்.

"ரோட்டுல இப்ப முப்பத்தொம்பது இருக்கும். இங்க அம்பத்திநாலு" என்றார். "ரூமுக்குள்ள இருக்கிற சூட்டை இழுத்து வெளிய தள்ளுறதுதான் ஏசி. வெளிய இம்புட்டு அனலா இருந்தா எங்கிட்டுத் தள்ளும்? கம்ப்ரசர் கொதிச்சுப் போயி தானா நின்னுக்கிருது. ஆறினதும் ஓடுது."

"இவ்வளவு அனல் எங்கிருந்து வருது?"

அடைக்கலம் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சோபியாவும் அண்ணாந்து பார்த்தாள். அவர்கள் வீட்டு யூனிட்டுக்கு நேர் எதிரே இன்னொரு அவுட்டோர் யூனிட் இருந்தது. அதன் விசிறி முழு வேகத்தில் சுற்றி, அனலை நேராக இவர்கள் யூனிட்டின் முகத்தில் ஊதிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டடம் சிவரஞ்சனி என்பவர் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டர். கோடை விடுமுறைப் பிள்ளைகளுக்கு மதியம் இரண்டு முதல் ஐந்து வரை வகுப்பு. ஞாயிறு விடுமுறை.

எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியதில் சோபியாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. அவள் திரும்பியபோது அடைக்கலத்தின் முகம் வாடியிருந்தது.

"அந்த ஏசி நான் மாட்டினதுங்க" என்றார்.

"எது?"

"எதிர்ல இருக்கிறது. மார்ச் கடைசில மாட்டினேன். மொட்டை மாடியில வச்சிருங்கன்னுதான் அந்த டீச்சர் சொன்னாங்க. அம்புட்டு ஒசரத்துக்குப் பைப் இழுக்கணுமேன்னு நான்தான் இங்கிட்டே போதும்னு மாட்டினேன். ஒங்க யூனிட் இருந்ததைப் பாத்தேன். மூணடி எடம் இருக்கே, காத்து போயிரும்னு விட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

சோபியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தரையில் ஈரத் துண்டோடு படுத்திருந்த மாமனார் கண்முன் வந்தார். இந்த ஆள் அன்றைக்கு நாலு எட்டு மாடி ஏறியிருந்தால் ஒன்றுமே நடந்திருக்காது. கடுமையாக ஏதோ சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டு வேறொன்றைக் கேட்டாள்.

"நீங்க சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"தெரிஞ்சிருக்காதுதான். ஒங்க மிஷினைக் கழட்டி எதையாச்சும் மாத்திட்டுப் போயிருக்கலாம். நாளைக்கி ரெண்டு மணிக்கு மறுபடி நிக்கும். இந்தப் பெரியவர் மறுபடி எழுதுவாரு." அவர் தெர்மாமீட்டரின் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தார். "வாங்க, அந்த டீச்சர்கிட்டப் பேசுவோம்."

சிவரஞ்சனி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. வகுப்பு நடக்கும்போது கதவைத் தட்டியதே அவருக்குப் பிடிக்கவில்லை.

"எங்க ஏசி நல்லாத்தானே ஓடுது. அதை ஏன் கழட்டணும்?"

"நாலு மணி பேட்சுக்கு நல்லாக் குளிருதுங்களா டீச்சர்?" என்று அடைக்கலம் கேட்டார்.

சிவரஞ்சனி யோசித்தார். "அப்பக் கொஞ்சம் புழுக்கம்தான். இருவது பிள்ளைங்க இருக்கிறதால இருக்கும்னு நெனச்சேன்."

"பிள்ளைங்களால இல்லைங்க. ஒங்க அனல் எதிர்ச் செவுத்துல முட்டி ஒங்க மிஷினுக்கே திரும்பி வருது. நீங்க சொன்ன மாதிரி மாடியிலயே வச்சிருக்கணும். நான் கேக்கலை. ஞாயித்துக்கிழமை வந்து என் பொறுப்புல மாத்தித் தாரேன்."

தான் சொன்னதுதான் சரி என்று ஆனதில் சிவரஞ்சனியின் முகம் தெளிந்தது. சரி என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அடைக்கலம் ஓர் உதவியாளோடு வந்து அந்த யூனிட்டை மொட்டை மாடிக்கு ஏற்றினார். சோபியா அங்கேயே நின்று, ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். பைப்பில் இருக்கும் காற்றை ஏன் பம்பு வைத்து உறிஞ்சுகிறீர்கள், ஈரம் உள்ளே போனால் என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டாள். அவர் சலிக்காமல் பதில் சொன்னார். போகும்போது சோபியா வீட்டு ஏசியிலும் மீட்டர் வைத்துப் பார்த்து, முதல் ஆள் தேவையில்லாமல் ஏற்றிய காஸை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை சோபியாவுக்கு வேலையில் கவனம் போகவில்லை. இரண்டரைக்கு மாமனாருக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மூன்று மணிக்குப் போட்டாள், எடுக்கவில்லை. மூன்றரைக்கும் எடுக்கவில்லை. பக்கத்தில் சிவரஞ்சனியைப் போய்ப் பார்க்கச் சொல்லலாமா என்று நம்பரைத் தேடிக்கொண்டிருந்தபோது மாமனாரே கூப்பிட்டார். குரல் கரகரத்தது.

"என்ன தாயி, இத்தனை தடவ அடிச்சிருக்க? தூங்கிட்டேன். போர்வையை எடுத்து வச்சிட்டுப் போயிருக்கக் கூடாதா, ரூமு அப்படிக் குளுருது."

சோபியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பக்கத்து மேஜையில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"மாமா, அன்னைக்கி நான் ரிமோட்டு பத்திக் கேட்டேன்ல. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது."



"ஆண்ட்ரூஸும்தான் நம்பலை. அவனுக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்லாத. ராத்திரி அவன் கூப்புடுறப்ப நானே சொல்லிக்கிறேன்" என்றார் மரியசூசை. "கம்ப்ரசர் எதுக்கு நிக்குதுன்னு அந்தாளு சொன்னாரே, அதை இன்னொரு தடவ வெவரமாச் சொல்லு. கேப்பான்."

சோபியா முதலில் இருந்து சொல்லத் தொடங்கினாள்.