புறா இருந்த இடம்

"இவ்ளோ பெரிய வீட்டுல யாரு குடியிருக்காங்க?"

கேட்டவள் ஐந்து வயதுச் சிறுமி. லெனின்கிராட் பேராலயம் அருங்காட்சியகமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. வழிகாட்டி அன்ஃபீசா தூண்களின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேற்பட்ட ஒற்றைக்கல். கயிறும் மரச்சாரமும் மனிதத் தோள்களும் சேர்ந்து முக்கால் மணி நேரத்தில் நிமிர்த்தியவை. எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு உடல் சிலிர்க்கும். கடவுள் பேச்சு மட்டும் அங்கே கூடாது; சோவியத் அரசின் கட்டளை.

அன்று பீடத்தருகே நின்ற பச்சைக்கல் தூண்களில் வெயில் விழுந்திருந்தது. வாய் தவறிவிட்டது.

"சாமிதான் கண்ணு. வெளிய போயிருக்காரு, வந்துடுவாரு."

"சாமி வெளிய போயிருக்காராம்!" என்று சிறுமி கூவினாள். அந்தப் பக்கம் வந்த மேலாளர் நின்றுவிட்டார்.

"யாரு இதைச் சொன்னது?"

உண்மையைச் சொன்னால் அன்ஃபீசாவின் வேலை போய்விடும்; இந்தத் தூண்களையும் இனி பார்க்க முடியாது.

"நான்தான். சும்மா வேடிக்கைக்கு," என்றார் க்ளெப் அர்கீப்பவிச்.

பூமி சுழல்வதைக் காட்டும் ஊசலை நடத்துபவர் அவர். குவிமாடத்தில் தூய ஆவியின் சின்னமாக முன்பு வெள்ளிப் புறா இருந்த இடத்திலிருந்து அது தொங்கியது. அவர் தரையில் தீப்பெட்டியை நிறுத்துவார்; எந்த வீச்சில் அது விழும் என்று கூட்டம் பந்தயம் கட்டும்.

தண்டனையாக, ஊசலை நடத்தும் வேலை அவர் கையைவிட்டுப் போனது. வலிக்கும் முழங்காலோடு இருநூற்று அறுபத்திரண்டு படி ஏறி, மேல்மாடத்தில் சீட்டுக் கிழிக்கப் போனார்.

"எதுக்குங்க இப்படிச் செஞ்சீங்க? உங்களுக்குத்தான் சாமியே கிடையாதே!"

"இல்லாத ஆளுக்காக உங்க வேலை போகணுமா, அன்ஃபீசா யெகோரவ்னா? கணக்கு இடிக்குதே!"

கடைசிவரை அவர் ஊசலைத் தொடவில்லை. தொடாமலே இறந்தும் போனார்.

பின்னொரு நாள், அரசின் பிடி தளர்ந்தபோது, ஊசலை இறக்கிவிட்டார்கள்; புறா தன் இடத்துக்குத் திரும்பியது. அறுபது ஆண்டுகளாகக் கேட்காத வழிபாட்டுப் பாடல் குவிமாடத்தை நிறைத்தது. எல்லோரும் அண்ணாந்து அழுதார்கள். அன்ஃபீசாவும் அழுதாள், பிறகு தனியாக நிலவறைக்கு இறங்கினாள்.

சாக்குக்கு அடியில் ஊசலின் வெண்கலக் குண்டு தூசி படிந்து கிடந்தது. வழிபாட்டுக்கென்று கட்டியிருந்த தலைத்துணியை அவிழ்த்து, அது பளபளக்கும்வரை துடைத்தாள்.

பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்து அதன்முன் நிமிர்த்தி வைத்துவிட்டு, விளக்கை அணைத்தாள்.