மொசியூவின் வெயில்

மொசியூ குளிக்கும் நேரத்தில் வீட்டில் வேறு யாரும் தண்ணீர்க் குழாயைத் திறக்கக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஐந்தாம் மாடியில் எங்கள் சுடுதண்ணீரின் குணம் அப்படி. குசினியில் ஒருவர் கோப்பை கழுவினால் குளியலறையில் இருப்பவர் பனியில் நிற்பார். ஆகவே பின்னேரங்களில் அப்பா முகம் நிறையச் சவர நுரையுடன் கதவுக்கு வெளியே காத்திருந்தார். உணவகத்தில் அவருடைய வேலை மாலையில்தான் தொடங்கும். கதவுக்கு அப்பால் அம்மா உழுந்து ஊறப்போடுகிற நீலச் சட்டிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, ஒரு சின்னக் கோப்பையால் இளஞ்சூட்டுத் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றுகிற சத்தம் கேட்கும்.

“கண்ணை மூடுங்கோ அப்பு. தண்ணி படும்.”

“இவ்வளவு வருசத்திலை எனக்கு உப்பிடி ஒருக்காலும் சொல்லேல்லை,” என்றார் அப்பா. நுரை சற்று அசைந்தது.

“உங்களுக்குக் கால் நிக்குதுதானே. அவருக்கு நிக்குதில்லை.”

மொசியூ ஒரு தாடி ஓணான். ஆஸ்திரேலியப் பாலைவனத்து இனம். என் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம். கோபம் வந்தால் கழுத்துக்குக் கீழே முள் முள்ளாக ஒரு தாடி கறுத்துப் புடைக்கும். சென் தெனிப் பல்கலைக்கழகத்தில் என்னுடன் சமூகவியல் படித்த ரொபேர், மொன்றியால் போகும்போது “மூன்று மாதம்தான்” என்று சொல்லி, கண்ணாடிப் பெட்டியோடு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போனான். அங்கே அவன் ஒரு பெண்ணைச் சந்தித்தான். பிறகு பனியைச் சந்தித்தான். பிறகு என் குறுஞ்செய்திகளைச் சந்திப்பதை நிறுத்திக்கொண்டான்.

முதல் நாள் அம்மா கதிரைக்கு மேல் ஏறி நின்று கத்தினார். அடுத்த நாள் கதிரையிலிருந்து இறங்கிப் பார்த்தார். அதற்கடுத்த நாள் தாடியைக் கண்டார்.

“தாடி வச்ச ஆளை ‘அது’ எண்டு சொல்லாதை,” என்றார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மொசியூ ‘அவர்’. நான் பழையபடி ‘உவன்’. பெயரும் அம்மா வைத்ததுதான். காரியாலயங்களைத் துப்புரவு செய்த காலத்தில், பெயர் தெரியாத, மரியாதை கொடுக்கவேண்டிய எல்லோரையும் அவர் அப்படித்தான், பிரெஞ்சில் ‘ஐயா’ என்று, கூப்பிட்டார்.

வரவேற்பறையில் மின்சாரம் எடுக்க மிஞ்சியிருந்த ஒரே இடம் சாமித் தட்டுக்குக் கீழே. ஆகவே மேலே பிள்ளையார், முருகன், லட்சுமி, அவர்களுக்குக் கீழே விளக்கு வெளிச்சத்தில் மொசியூ. வருகிறவர்கள் கைகூப்பும்போது அந்தக் கும்பிடு யாருக்குப் போய்ச் சேர்கிறது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமைகளில் மொசியூவும் மரக்கறி. மற்ற நாட்களில் உயிருள்ள சில்வண்டுகளைக் கடித்து நொறுக்குபவர், வெள்ளியன்று கீரையையும் துருவிய கரட்டையும் ஒரு விரதக்காரரின் சோர்வோடு மென்றுகொண்டிருப்பார்.

“ஊரிலை உதைக் கண்டால் கல்லாலை எறிவம்,” என்பார் அப்பா. ஆனால் ரூ காய்த் தெருவின் தமிழ்க் கடைகளில் கீரை வாங்கி வருபவரும் அவர்தான். வாடின கட்டென்றால் திருப்பிக் கொடுத்து, “வீட்டிலை ஒருத்தர் சாப்பிடமாட்டார்” என்பாராம்.

அம்மாவின் முதுகுத்தண்டில் ஒரு எலும்பு விலகி வேலை நின்றபிறகு, பகல் முழுக்க அவர் தனியாகவே வீட்டில் இருந்தார். யாரும் பார்க்காத தொலைக்காட்சி எந்நேரமும் யாரையாவது அழவைத்துக்கொண்டிருக்கும். மொசியூ வந்தபிறகு அதை நிறுத்திவிட்டார். சத்தம் அவருக்குப் பிடிக்காதாம். நான் படிப்பு முடிந்து வரும்போது வரவேற்பறையில் செம்மஞ்சள் வெளிச்சம் மட்டும் இருக்கும். அம்மா கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மொசியூ அந்தப் பக்கம். இருவரும் இமைக்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யன்னலுக்கு வெளியே கார் து நோர் நிலையத்துப் பக்கமாக ரயில்கள் ஊர்ந்துபோகும். மழை பெய்யும். உள்ளே மட்டும் எப்போதும் ஏதோ ஒரு நாட்டின் காலைப்பொழுது, எங்களில் எவரும் பார்த்திராத நாடு. மொசியூவும் பார்த்ததில்லை. அவர் பிறந்தது ஓணான் வளர்க்கும் ஒருவருடைய அடுக்குப் பெட்டியில், நான் பிறந்தது சென் தெனியில். யாழ்ப்பாணத்து வெயிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததும், ஆஸ்திரேலிய வெயிலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததும் ஏறக்குறைய ஒரே அளவு. அந்த அறையில் கொஞ்சநேரம் இருந்தால் எனக்கும் கண் சொருகும். எழும்பும்போது வாய்க்குள் மணல் இருப்பதுபோல் இருக்கும்.

பனிக்காலம் முடிகிற நேரத்தில் மொசியூவின் பின்னங்கால்கள் நடுங்கத் தொடங்கின. பிறகு கற்பாறையில் ஏறுவதை விட்டார். அதன்பிறகு சில்வண்டு முகத்துக்கு முன்னால் நடந்துபோனபோது, பேருந்தைத் தவறவிட்டவர்போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர்வன பார்க்கும் மிருக வைத்தியர் ஆலீசிடம் அம்மாவும் நானும் கொண்டுபோனோம். அவர் மொசியூவின் தாடையை விரலால் மெல்ல அழுத்தினார். அது வளைந்தது.

எலும்பு கரைகிறது என்றார். ரொபேர் தந்த விளக்கில் வெளிச்சம் மிஞ்சியிருக்கிறது, அதற்குள் இருந்த வெயில், எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிர், எப்போதோ தீர்ந்துவிட்டது.

“நான் ஒவ்வொரு நாளும் யன்னலடியிலை வெயில் காட்டுறனான் எண்டு சொல்லு,” என்றார் அம்மா. சொன்னேன். கண்ணாடிக்கு ஊடாக வருகிற வெயிலால் பயனில்லை என்று ஆலீஸ் பதில் சொன்னார். மொழிபெயர்த்தேன். அம்மா ஆலீசின் அறை யன்னலை, ஏமாற்றிய கடைக்காரரைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

புது விளக்கு, தினமும் இளஞ்சூட்டுக் குளியல், உணவின்மேல் தூவக் கல்சியப் பொடி. பொடியை விடாமல் கொடுத்தால் பிழைக்கக்கூடும் என்றார் ஆலீஸ். அந்த வசந்தகாலம் முழுக்க எங்கள் வீட்டில் வேறு கேள்வி இருக்கவில்லை. அம்மா தன் முதுகை மறந்து முழங்காலில் இருந்தார். கீரையை அரைத்து ஊசியில்லாத சிறிஞ்சில் ஏற்றி, “இன்னும் ஒரு வாய், அப்பு, ஒரு வாய்” என்று கெஞ்சினார். அவர் சிறிஞ்சோடு மல்லுக்கட்ட, பொடி தூவுவது என் வேலை.

கடையிலிருந்து வருகிற எதுவும் எங்கள் வீட்டில் தன் பையிலேயே இருக்காது. அம்மா எல்லாவற்றையும் ஜாம் முடிந்த போத்தல்களில் கொட்டிவைப்பார். சிவப்புக் கட்டம் போட்ட மூடி. மிளகாய்த்தூள், சீனி, திருநீறு, ஊசிநூல் எல்லாமே அப்படித்தான். கல்சியமும் அப்படியொரு போத்தலுக்குள் போய், மொசியூவின் பெட்டிக்கு மேலே, சாமித் தட்டின் ஓரத்தில் குடியேறியது.

சித்திரை வருசத்துக்கு அம்மா வீட்டைத் துடைத்தார். சாமிப் படங்களை இறக்கித் துடைத்துத் திரும்ப ஏற்றினார். வருசத்துக்குப் புறநகர் ஓல்னே-சூ-புவாவிலிருந்து அம்மாவின் சிநேகிதி கமலராணி அன்ரி வந்தார். கும்பிட்டு, நெற்றி நிறையத் திருநீறு பூசி, ரீ குடித்துவிட்டுப் போனார். இரண்டு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தார்.

“ஜெகதீஸ்வரி, உன்ரை வீட்டுத் திருநீறு பூசினதிலையிருந்து எனக்குத் தலையிடி இல்லையடி. எந்தக் கோயில்?”

அம்மாவுக்குப் பெருமையாக இருந்தது. மொசியூவின் நெற்றியிலும் ஒரு விரல் பூசிவிட்டார். எனக்கும் தினமும் வாசலில் பிடித்து நிறுத்திப் பூசினார். நான் அதை அழிக்காமல் பல்கலைக்கழகம் போனேன். சமூகவியல் பிரிவில் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

மொசியூ தேறவில்லை. அடுத்த முறை முதுகுவலி கூடி அம்மாவால் படியிறங்க முடியாததால் நான் தனியாகக் கொண்டுபோனேன். ஆலீஸ் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

“பொடி கொடுக்கிறீர்களா?”

“ஒருநாளும் தவறவில்லை.” பொடியையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். போத்தலை எடுத்துக் கொடுத்தேன். மூடியைத் திறந்தவர் சற்றுப் பின்வாங்கினார்.

“இது மணக்கிறதே.”

சந்தன வாசம். எனக்கு அந்த வாசம் தெரியும்.

“என்ன இது?”

“சாம்பல்.”

“எதனுடைய சாம்பல்?”

மூன்று வருடச் சமூகவியலில் இதற்கு உதவக்கூடிய ஒரு வசனமும் இல்லை. “மாட்டுச் சாணம்,” என்றேன். “ஆனால் புனிதமானது.”

ஆலீஸ் ஏதோ எழுதத் தொடங்கி, நிறுத்தி, எழுதியதை வெட்டினார். “அப்படியானால் நான் தந்த கல்சியம் எங்கே?”

நான் தலைமயிரை மெல்ல முன்னுக்கு இழுத்து நெற்றியை மூடினேன்.

சாம்பல் கெடுதல் எதுவும் செய்யவில்லை, நன்மையும் செய்யவில்லை என்றார். சரியான பொடியைக் கொடுத்திருந்தால் என்று கேட்டேன். மொசியூ மேசைமேல் துவாய்க்குள் கிடந்தார். ஒரு கண்ணை மட்டும் திறந்து, இது யாருடைய பிரச்சினையோ என்பதுபோல் எங்களைப் பார்த்தார். ஆலீஸ் அவருடைய முதுகை ஒரு விரலால் நீண்டநேரம் தடவினார்.

“தெரியாது. ஒருவேளை.”

அந்த ‘ஒருவேளை’யையும் மொசியூவையும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா குளியலறையில் நீலச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் போத்தல்களை இடம் மாற்றினேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். விளக்கு வைக்கிற நேரம் அம்மா சாமித் தட்டுக்கு முன்னால் நின்றார். விரலில் எடுத்த திருநீறு நெற்றிக்குப் போகாமல் அந்தரத்தில் நின்றது.

“தம்பி, திருநீறு மணக்குது.”

நான் மொசியூவின் துவாயை மடிக்கத் தொடங்கினேன்.

“இவ்வளவு நாளும் மணக்கேல்லை. எனக்குத் தடிமனாக்கும் எண்டு நினைச்சன்.” மற்றப் போத்தலைத் திறந்து முகர்ந்தார். மூடினார். “அப்ப அவருக்கு நாங்கள் என்ன குடுத்தனாங்கள்?”

நான் பிரெஞ்சில் ஒரு நீண்ட வாக்கியம் சொன்னேன். நோய் முற்றியிருந்தது, எந்தப் பொடியும் எதையும் மாற்றியிருக்காது, மருத்துவருடைய கருத்தும் அதுதான் என்று. இலக்கணத்தில் ஒரு பிழையும் இல்லாத வாக்கியம்.

அம்மா முழுவதையும் கேட்டார். “உண்மையெண்டால் தமிழிலை சொல்லு. பொய்யெண்டால்தான் உனக்குப் பிரெஞ்சு உப்பிடி வடிவா வரும்.”

தமிழில் தொடங்கினேன். பாதி வழியில் வாக்கியம் படுத்துக்கொண்டது. “தெரியாதாம் அம்மா. ஒருவேளை இருந்திருப்பாராம்.”

“வருசத்துக்குத் துடைச்சுப்போட்டு நான்தான் திருப்பி வைச்சனான்.”

“தூவினது நான்தானே. ரெண்டும் ஒரே போத்தில் அம்மா.”

“எனக்கு மணக்கேல்லையேடா. நான் யோசிச்சிருக்கவேணும்.”

வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த அப்பா சப்பாத்து நாடாவைக் கையில் பிடித்தபடி இருந்தார். பிறகு, “அப்ப கமலராணியின்ரை தலையிடி எதாலை சுகமானது?” என்றார். அம்மா சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அரைவாசியில் வேறு ஏதோவாகிவிட்டது. முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்துவிட்டார். அன்றைக்கு அவர் திருநீறு பூசவில்லை.

அதன்பிறகு சரியான பொடி, சரியான விளக்கு, சரியான அளவு. எல்லாம் சரியாக நடந்த நாட்களில்தான் மொசியூ கொஞ்சம் கொஞ்சமாகப் பாரம் குறைந்தார். அம்மா அவரைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருப்பார். விளக்கையும் தன் பக்கமாகச் சரித்துவைத்திருப்பார். அந்த வெளிச்சத்தில் அம்மாவின் கைகளின் சுருக்கங்களும் மொசியூவின் முதுகுச் செதில்களும் ஒரே துணியில் வெட்டியவைபோல இருக்கும். ஒரு மத்தியானம் நான் சாய்கதிரையில் நித்திரையாகிப் போனேன். கனவில் எங்கள் மாடிப்படிகளில் செம்மண் கொட்டிக் கிடந்தது. யாரோ மிக இலேசான காலால் அதன்மேல் ஏறிப் போனார்கள். எழும்பியபோது அம்மா அதே இடத்தில் இருந்தார். மொசியூவின் தாடி வெளிறி, வைக்கோல் நிறத்துக்கு வந்திருந்தது.

“சத்தம் போடாதை,” என்றார் அம்மா. “இப்பதான் போனவர்.”

அப்பா உணவகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வீட்டில் ஒரு சாவு, இரண்டு நாள் வரமுடியாது என்றார். யார் என்று முதலாளி கேட்டிருக்கவேண்டும். “எங்களோடை இருந்தவர்,” என்றார் அப்பா. வயசானவரோ என்று கேட்டிருக்கவேண்டும். அப்பா சற்று யோசித்தார்.

“ஓம். தாடி வச்சவர்.”

எங்களுக்கு நிலம் இல்லை. கமலராணி அன்ரியின் வீட்டுக்குப் பின்னால் கைக்குட்டையளவு தோட்டம் இருந்தது. ரயிலில் அம்மா மொசியூவை வைத்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்து, நிறுத்தங்களில் அது அசையாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அன்ரி கதவைத் திறந்ததும் பெட்டியைத்தான் பார்த்தார்.

“ஏன் வீண் செலவு? பலகாரமோ?”

“இல்லை அக்கா,” என்றார் அம்மா. “மொசியூ.”

அன்ரிக்கு விளங்கக் கொஞ்சநேரம் எடுத்தது. பிறகு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய், மடிப்புக் குலையாத ஒரு வெள்ளைத் துண்டோடு வந்தார். அப்பா கிடங்கு வெட்டினார், தேவைக்கு மேலாகவே ஆழமாக. மண் போட்டு முடிந்ததும் என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அதற்கென்று ஒரு முறை எங்களிடம் இருக்கவில்லை. அன்ரி ரீ போட உள்ளே போனார்.

அம்மா போகவில்லை. தோட்டத்தின் நடுவில் சீமெந்துத் தரையின் ஒரு துண்டு வெயிலில் கிடந்தது. முதுகைப் பிடித்தபடி மெல்ல அதில் இருந்தார். பிறகு செருப்பைக் கழற்றினார். கம்பளிச் சட்டையைக் கழற்றினார். உள்ளங்கைகளைச் சீமெந்தில் விரித்து ஊன்றி, கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடினார்.

“அவருக்குத் தெரிஞ்சிருக்குமோடா?”

“என்ன அம்மா?”

“நாங்கள் பிழையானதைக் குடுத்தது.”

“தெரியேல்லை.”

“ஜெகதீஸ்வரி, உள்ளுக்கு வாவன்,” என்று குசினி யன்னலிலிருந்து அன்ரி கூப்பிட்டார். “வெயிலுக்கை கறுத்துப்போவாய்.”

அப்பா மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தார். காலுறைகளைக் கழற்றிச் சப்பாத்துக்குள் சுருட்டி வைத்தார். நானும் இருந்தேன். சீமெந்து சுட்டது. மேலே ஒரு விமானம் சக்கரங்களை இறக்கியபடி போனது. பிறகு ஒரு மேகம் வந்து, அயல்வீட்டுச் சுவரும் செடிகளும் எங்கள் கால்களும் ஒரே நிறமாயின. அம்மா கண்ணைத் திறக்கவில்லை. முகத்தை மட்டும் சற்று இடப்பக்கம் திருப்பி, வெளிச்சம் வெளிப்படப்போகிற திசையில் வைத்துக்கொண்டார்.