கீழச்சந்து முனையில் ஓர் இடம்

ஆரிபாவுக்கு அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. காலையில் ஆரப்பாளையத்தில் நடக்கத் தொடங்கியவள், போன வீட்டிலெல்லாம் கொடுத்த மோரையும் டீயையும் மறுக்காமல் குடித்திருந்தாள். கவுன்சிலரான பிறகு அவளுக்கு இது முதல் பட்ஜெட். கூட்டத்துக்கு முன்னால் வார்டு மக்களுக்கு என்ன வேண்டும் என்று நேரிலேயே கேட்டுவிட வேண்டுமென்று கிளம்பியிருந்தாள். அநேகமாக எல்லாரும் தெருவுக்குப் பேவர் பிளாக் கல் பதிக்கச் சொன்னார்கள். கடைசியாக அவள் வாய்க்கால் காலனிக்குள் நுழைந்தபோது நல்ல உச்சிவெயில்.

குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த இருளாயியிடம் போய்க் குனிந்து, "அக்கா, ஒங்க வீட்டு பாத்ரூமுக்குக் கொஞ்சம் போய்க்கிறட்டா?" என்று காதோடு கேட்டாள்.

இருளாயி நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள். அது எகத்தாளமில்லை. என்ன சொல்வதென்று தெரியாதபோது வருகிற சிரிப்பு.

"இங்க யாரு வீட்ல இருக்கு? வாங்க, பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். நானும் அடக்கிக்கிட்டுத்தான் இருக்கேன்."

காலனியைத் தாண்டி, கீழச்சந்து வழியாக மெயின் ரோட்டுக்கு வந்து, பஸ்களுக்கு நடுவே புகுந்து போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஆரிபாவுக்கு வயிற்றுக்குள் சுருக்கென்றது. இருளாயி பேசிக்கொண்டே வந்தாள்.

"எம் மகளுக்கு ஒண்ணுக்குப் போனா எரிச்சல்னா. அப்புறம் ரத்தமா போச்சு. டாக்டரு குடம் குடமா தண்ணி குடிக்கச் சொல்றாரு. குடிச்சிட்டு எங்க போறது? இருட்டுற வரைக்கும் உக்காந்திருக்கணும். இருட்டுனா, எவன் நிக்கிறான்னு பாத்துப் போகணும்."

கட்டணக் கழிப்பறை வாசலில் வரிசை நின்றது. ஆரிபா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணில் நீர் கட்டிவிட்டது. இருளாயியின் முறை வந்ததும் அவள் ஒதுங்கி நின்றாள்.

"நீங்க போங்கம்மா. எங்களுக்குப் பழக்கம்."

மறுநாள் வார்டு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் அசோக்குமாரிடம் ஆரிபா விசாரித்தாள். மெலிந்த, பேச்சில் நிதானமான மனிதர்.

"பெண்கள் கழிப்பறைக்குப் போன வருசமே நிதி ஒதுக்குனாங்க மேடம். இடம் காட்ட முடியல. திரும்பிப் போயிருச்சு."

"காலனிக்குப் பக்கத்துல எடமே இல்லையா?"

அவர் மேஜையைப் பார்த்தார். "இருக்கு. கீழச்சந்து முனையில நம்ம மாநகராட்சிப் பொறம்போக்கு. ஆனா அதுல ஒரு ஷெட் இருக்கே மேடம்."

அது யாருடைய ஷெட் என்று அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. ஆரிபாவின் கணவர் முஜிபுர் ரஹ்மான் அந்த முனையில்தான் வாடகைப் பாத்திரக்கடை வைத்திருந்தார். கல்யாண வீடுகளுக்குப் போகிற பிரியாணி தேக்சாக்களும் அண்டாக்களும் கடையை ஒட்டிய அந்தத் தகரக் கொட்டகைக்குள்தான் கிடந்தன. அவருடைய வாப்பா போட்டது. மூத்தவளைக் கட்டிக்கொடுத்ததும் இளையவனைப் படிக்க வைத்ததும் அந்தப் பாத்திரங்கள்தான். இத்தனை வருஷத்தில் அந்த நிலம் யாருடையது என்று ஆரிபாவுக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

சாயங்காலம் தொழுதுவிட்டு வந்து அவர் டீ குடிக்கும்போது பேச்சை எடுத்தாள்.

"வேற எடமே கெடைக்கலையா ஒனக்கு?" என்றார் முஜிபுர். குரல் உயரவில்லை. "ஒனக்கு ஓட்டுக் கேட்டு வீடு வீடா அலைஞ்சேனே, அது எங் கடைய நானே காலி பண்றதுக்கா? தேக்சா எடுக்க வர்றவுங்க கக்கூஸ் வாசல்ல வந்தா நிப்பாங்க? நீயே சொல்லு."

அவர் கேட்டது நியாயமான கவலைதான். கெட்ட மனிதருமில்லை. வாய்க்கால் உடைத்துக்கொண்டு காலனிக்குள் வெள்ளம் வந்தபோது, அண்டாக்களைத் தானே தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே சோறாக்கிப் போட்டவர்.

"நேத்து எனக்கு ரோட்டுலயே போயிருக்கும்" என்றாள் மெல்ல. "அம்புட்டுக்கு வந்துருச்சு. பஸ் ஸ்டாண்டுல வரிசையில நின்னு அழுதுட்டேன்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நம்ம வீட்டுக்கு வந்திருக்கலாம்ல?"

"நான் வரலாம். அவுங்க எங்க வருவாங்க?"

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

பட்ஜெட் கூட்டத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றாள். எழுதி வைத்திருந்த பேச்சு எதுவும் நினைவுக்கு வரவில்லை. பேவர் பிளாக்கை அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் வாய்க்கால் காலனிக்குப் பெண்கள் கழிப்பறை வேண்டும் என்றாள். இடம் எங்கே என்று யாரோ கேட்டார்கள்.

"கீழச்சந்து முனை. அங்க ஒரு ஷெட் இருக்கு. எங்க வீட்டு ஷெட்டு. எடுத்துருவோம்."

பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு அவரே நிறுத்திக்கொண்டார். கழிப்பறை பட்ஜெட்டில் சேர்ந்தது.

அவள் வீடு திரும்புவதற்குள் செய்தி கடைக்கு வந்துவிட்டிருந்தது. முஜிபுர் அவளோடு பேசுவதை நிறுத்தினார். தட்டு வைத்தால் சாப்பிட்டார், எழுந்து போனார். கீழச்சந்து ஆட்கள் கடைக்குக் கூட்டமாக வந்தார்கள். நாற்றமடிக்கும், வீட்டு விலை இறங்கும், கண்டவர்களும் நடமாடுவார்கள் என்றார்கள். "ஒங்க வாசல்ல வச்சுக்கிருவீங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"எங்க கடை வாசல்லதான் அண்ணே வருது" என்றாள் ஆரிபா. அவர் முஜிபுரைப் பார்த்தார். முஜிபுர் ஒரு அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார், திரும்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்தவர், யாரிடமும் சொல்லாமல் ஷெட்டின் தகரங்களைக் கழற்ற ஆரம்பித்தார். தேக்சாக்கள் ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தன. முன்னறை நிறைந்து, படுக்கையறையிலும் ஏறின. ராத்திரி சாப்பாட்டில் கை வைத்தபடி முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"தண்ணி வசதிய ஒழுங்காப் பண்ணச் சொல்லு. நாறுச்சுன்னா ஒம் மேல மொத மனு என்னோடதுதான்."

ஆரிபா அவர் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அடுத்த வாரம் அசோக்குமார் ஆட்களோடு வந்து சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். காலனிப் பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார்கள். ஒருத்தியும் கிட்டே வரவில்லை. எத்தனையோ பேர் வந்து அளந்துவிட்டுப் போனதைப் பார்த்தவர்கள். இருளாயி மட்டும் வந்தாள்.

"வாசல் எந்தப் பக்கம்?"

"அது இன்னும் முடிவாகலக்கா" என்றாள் ஆரிபா. தெருவைப் பார்த்து வைக்கக் கூடாது என்று ஏற்கெனவே ஒரு மனு வந்திருந்தது. அதை அவள் சொல்லவில்லை.

அப்போது சந்துக்குள்ளிருந்து வந்த ஒரு பைக், ஷெட் போனதிலிருந்து எல்லாரும் செய்வதுபோல, வளைவைச் சுற்றாமல் காலி இடத்தின் குறுக்கே ஏறிப் போனது. மூலையில் கோடு கலைந்து வெள்ளையாக இழுபட்டது. அடுத்த பைக்கும் அதே பக்கம் திரும்பியது. இருளாயி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, கலைந்த மூலையில் போய் நின்றாள். வண்டிக்காரன் ஹாரன் அடித்தான். அவள் அசையவில்லை. மறுபடி அடித்தான். பிறகு ஹேண்டிலைத் திருப்பி, கோட்டுக்கு வெளியே சுற்றிக்கொண்டு போனான்.