லயமே ஊட்டிய வயிறு

சயாமில் ரயில் பாதை போடப் புருஷன் இருளப்பனை ஜப்பான்காரன் லாரியில் ஏற்றிக்கொண்டு போன மாதம், செல்லாயிக்கு நாள் தள்ளிப்போனது. மறுமாதமும் தூரம் வரவில்லை. ஏழு வருஷம் கோயில் கோயிலாக வேண்டியும் கிடைக்காதது, ஆள் போனபிறகா கிடைக்க வேண்டும்? ஆனாலும் அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. இனி எப்போது பார்ப்போமோ என்று ஏங்கியவளுக்கு, அவனில் ஒரு துண்டு வயிற்றில் இருப்பதே போதுமாக இருந்தது.

அவர்கள் இருந்தது சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம். கூலிக்காரர்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயம் முழுக்க மரவள்ளிக்கிழங்கைத் தின்றே நாக்குச் செத்துக் கிடந்தது. சேதி தெரிந்ததும், ஒளித்து வைத்திருந்த அரிசியைப் பெண்கள் பிடிபிடியாகக் கொண்டுவந்தார்கள். பக்கத்து வீட்டு மருதம்மாள் தினம் ஒரு முட்டை கொடுத்தாள். அவள் புருஷனும் அதே லாரியில் போனவன்தான்.

"நம்ம லயத்துல ஒண்ணாவது பொறக்கட்டும்டி. தின்னு."

செல்லாயி தின்றாள். கன்னம் உப்பியது. வயிறுதான் அப்படியே இருந்தது.

ஐந்தாம் மாதம் சேலை நனைந்தது. கரு கலைந்துவிட்டதென்று அலறிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருந்தெல்லாம் தீர்ந்து, வைத்தியம் பார்க்கும் டிரசர் ஜெரார்ட் மட்டும் மிச்சமிருந்தார். சோதித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"கருவே இல்லம்மா. இது மாசாமாசம் வர்றதுதான். மூளைக்கு அடியில பட்டாணி அளவு ஒரு சுரப்பி இருக்கு. அது ரத்தத்துல அனுப்புற சுரப்புதான் சினைப்பையில முட்டையை வளர்த்துப் பழுக்க வைக்கும். பட்டினி கிடந்தா அனுப்பாது. முட்டை பழுக்காது, தூரமும் வராது. இப்ப நல்லா சாப்பிட்டேல்ல, மறுபடி ஆரம்பிச்சிருக்கு."

"அப்ப மத்த பொம்பளைங்களுக்கு?"

"பாதி லயத்துக்கு நின்னுதான் போயிருக்கும். எவ வாயத் தொறந்தா?"

எவள் திறப்பாள்? புருஷன் சயாமில் கிடக்க, மாசக்கணக்கில் நாள் தள்ளிப்போகிறதென்று சொன்னால் ஊர் சும்மா விடுமா? தனக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொருத்தியும் பொத்தி வைத்திருந்தாள்.

"கவலைப்படாத. உடம்பு தேறிடுச்சு. இருளப்பன் வந்தா புள்ள பொறக்கும்," என்றார் ஜெரார்ட். பாவம், ஆறுதலாகத்தான் சொன்னார். செல்லாயிக்கு நெஞ்சை அறுத்தது.

அவள் லயத்துக்குத் திரும்பியபோது மருதம்மாள் சோற்றுக் கிண்ணத்தோடு வாசலில் நின்றாள்.

"புள்ள இல்லக்கா. நீங்க போட்ட சோறுதான் வயித்துல இருந்திச்சு," என்று செல்லாயி உடைந்து அழுதாள். டிரசர் சொன்னதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னாள். பிறகு கிண்ணத்தை அவள் பக்கமே தள்ளினாள்.

"இனிமே நீங்க தின்னுங்கக்கா. உங்களுக்கும் திரும்ப வந்திடும்."

மருதம்மாள் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது வந்திடும்டி," என்றாள். "அவரு வருவாரா?"