கதவு வார்னிஷ் பூசிய வெயில்

இது மழைக்கு முன்பு நடந்ததா பின்பு நடந்ததா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. படத்தில் இருந்தது வயலா வெறும் புல்வெளியா என்பதிலும் தெருவில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் அக்காவின் காலில் முதன்முதலாக விழுந்த வெயில் ஒரு சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது என்பதிலும், அது சுவரில் மாட்டியிருந்த படத்துக்குள்ளிருந்து வந்தது என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை.

வீடு தரைத்தளத்தில், பின்பக்கம். எதிரே அடுக்குமாடி எழும்பிய பிறகு ஜன்னல் இருந்தும் இல்லாத கணக்காகிவிட்டது. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்காவுக்கு எலும்புகள் உள்ளுக்குள்ளேயே மெழுகாகிக்கொண்டிருந்தன. மாத்திரை பாதி, வெயில் பாதி என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயிலுக்குத் தூக்கிப்போனால் வழிக் குலுக்கலே இன்னோர் எலும்பை முறித்துவிடும். அவள் கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாள். எப்படியாவது அவளை எழுப்பி நடக்கவைத்துவிட வேண்டும் என்பதைத் தவிரத் தம்பிக்கு வேறு நினைப்பில்லை. கதவுக்கும் மேசைக்கும் பாலிஷ் போடுவது அவன் தொழில். இருவருக்கும் கல்யாணம் கூடி வரவில்லை. ஒரே அறையில் அரைநாள் பேசாமல் இருந்தும் அதைச் சண்டை என்று நினைக்காத இரண்டு பேர்.

பழைய சாமான் கடைக்கு அலமாரி மெருகேற்றப் போனவன், திரும்பும்போது ஓர் எண்ணெய் வண்ணப் படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தான். அதன் மேலிருந்த வார்னிஷ் பழுத்துப் பழுப்பாகி, ஒரு மூலையில் ஈரம் பாய்ந்து வெள்ளை பூத்து, உடம்பெல்லாம் மயிரிழை வெடிப்பாக இருந்தது.

“என்னடா, யாரு வீட்டு அடுப்படிச் சுவரைப் பேத்துட்டு வந்தே?”

“சாயங்காலம்க்கா. உத்துப் பாரு, வயல் தெரியுது.”

“உன் மூஞ்சியே எனக்கு உத்துப் பாத்தாதான் தெரியுது.”

அவள் படுத்தபடி பார்ப்பதற்காகக் கட்டிலுக்கு எதிரே மாட்டி, மாட்டிய இடத்திலேயே வேலையைத் தொடங்கினான். மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, டர்பன்டைனில் கொஞ்சமாக ஸ்பிரிட் கலந்து நனைத்து, சட்டத்துக்கு அடியில் மறைந்திருந்த ஓரத்தில் முதலில் சோதித்தான். தேய்க்கவில்லை, உருட்டினான். பஞ்சு பழுப்பானதும் எறிந்துவிட்டு வேறு பஞ்சு. நிறம் ஒட்டி வருகிறதா என்று ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தான். வானத்தில் ஒரு துளி இடம் வெளுத்தபோது அக்கா காலை இழுக்கப் பார்த்தாள். “டேய், கால்ல என்னமோ சுடுது, எறும்பா பாரு.” எறும்பில்லை. தம்பி தன் கையை அங்கே வைத்தான். வெயில் அவன் கைக்கு மாறியது. பிறகு அவன் அடுத்த பஞ்சைச் சுற்றினான்.

முழுவதும் துடைத்து முடித்தபோது அது சாயங்காலமே இல்லை, உச்சி வேளை. அறை நிறைய வெயில் அடித்தது. தூங்குவதற்குப் படத்தின்மேல் போர்வை போட வேண்டியிருந்தது. சில மாதங்களில் அக்கா உட்கார்ந்தாள், சுவரைப் பிடித்தாள், வாசல்வரை வந்து எதிர்வீட்டுக்காரியிடம் வம்பளந்தாள். மாடி வீட்டுக்காரர்கள் மழைநாளில் ஈரத் துணியோடு வந்தார்கள். மஞ்சள் காமாலையோடு பிறந்த பக்கத்து வீட்டுக் குழந்தையைச் சட்டை கழற்றிக் கொண்டுவந்து கிடத்தினார்கள். அது நிறம் தேறிப் போகும்வரை அக்காதான் விசிறிவிட்டாள்.

அதன் பிறகுதான் தம்பி அந்தக் காரியத்தைச் செய்தான். மெருகு போடாமல் ஒரு பொருளை விட்டால் அவனுக்கு வேலை முடிந்ததாகவே தோன்றாது. தன்னிடமிருந்ததிலேயே உயர்ந்த வார்னிஷை, மழையும் வெயிலும் தாங்குகிற வாசல்கதவு வார்னிஷை, பூச்சுமேல் பூச்சாகப் பூசினான். படம் கண்ணாடியாய் ஜொலித்தது. ஆண்டு திரும்புவதற்குள் மஞ்சளடித்தது, பிறகு சுருங்கியது. அறையில் பிற்பகல் வந்தது, அந்தி வந்தது, அக்கா மறுபடியும் கட்டிலுக்கு வந்தாள். ஸ்பிரிட் அதை அசைக்கவில்லை.

அருங்காட்சியகத்தில் படங்களைச் செப்பனிடும் பெண்ணை அவன் கெஞ்சி அழைத்து வந்தான். அவள் மங்கலான வெளிச்சத்தில் கையை நீட்டிப் பார்த்து, “நல்ல வெயிலா இருந்திருக்கும்” என்றாள். பிறகு நகத்தால் மெல்லத் தட்டினாள்.

“கதவுக்குப் போடறதா?”

“இருக்கறதுலயே ஒசத்தி, மேடம்.”

“அதாங்க பிரச்சினை. மருந்து போட்டா நிறமும் கரைஞ்சிடும். கத்தி வெச்சுச் செதில் செதிலா எடுக்கலாம். ஆனா எங்கயாச்சும் வெயிலும் சேந்து வந்துட்டா நான் பொறுப்பில்ல.”

தம்பி தலையைத் தொங்கப்போட்டான். இருக்கிற அந்தியாவது இருக்கட்டும் என்று அவனுக்குத் தோன்றியது. அக்காதான் படுக்கையிலிருந்து பேசினாள். “எடுங்கம்மா. போனா போகட்டும். ஒரு வருஷம் நடந்தேன், ஒரு பிள்ளைக்கு விசிறினேன். எனக்கு இதுவே அதிகம். டேய், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்காத. நீ ஆசையாத்தானே பூசின.”

விடுமுறை நாட்களிலெல்லாம் அந்தப் பெண் வந்தாள். பூதக்கண்ணாடியை அவள் பிடிக்க அவன் சுரண்டுவான், அவன் கை ஓய்ந்தால் அவள் சுரண்டுவாள். வானத்தில் ஓரிடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு, நிறம் வார்னிஷோடு பெயர்ந்து படத்தின் அடித்துணி தெரிந்துவிட்டது. யார் கையிலிருந்த கத்தி என்று இருவரும் சொல்லவில்லை. மற்ற இடமெல்லாம் உச்சி வெயில் திரும்பியது. பெயர்ந்த இடத்துக்கு நேரே, அக்காவின் தலையணைமேல், உள்ளங்கை அகல நிழல் ஒன்று விழுந்தது. அதை வண்ணம் வைத்து அடைத்துவிடலாம் என்று அந்தப் பெண் தூரிகையை எடுத்தாள். “வேணாம்மா,” என்றாள் அக்கா, கண்ணை நன்றாகத் திறந்து. “இத்தனை நாளும் கண்ணு கூசிட்டே இருந்துச்சு. நன்றி கெட்டவளா ஆயிடுவேனேன்னு சொல்லல.” தம்பி திரும்பி நின்றுகொண்டு கத்தியைத் துடைத்தான். கடைசியில் அந்தப் பெண் மெல்லிய பூச்சு ஒன்று பூசினாள். அடுத்து வருகிறவர் பஞ்சாலேயே எடுத்துவிடக்கூடியது.

அக்கா மறுபடி நடந்தாள். பல ஆண்டுகள் இருந்து, ஒரு காய்ச்சலில், அந்த நிழலில் முகம் வைத்தபடி போனாள். தம்பி இன்னும் கதவுகளுக்குப் பாலிஷ் போடுகிறான், அந்தக் கட்டிலில் தூங்குகிறான். செப்பனிடும் பெண் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, அதே தெருவுக்குக் குடிவந்து, குளிர்நாளில் முழங்காலுக்கு வெயில் காட்ட வருகிறாள். காமாலைக் குழந்தை இப்போது பேருந்து ஓட்டுகிறது. எதிர் அடுக்குமாடிக்கு மேலே இன்னும் இரண்டு மாடி ஏற்றிவிட்டார்கள். மழைநாளில் துணி காயப்போட யாரும் வரலாம். கிளிப்பை மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும்.